வெள்ளையைப் படிப்பித்தது யார்?

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு புத்தளத்தில் ஒரு பாடசாலையின் மீலாத் விழாவுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்றுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வரலாறு படிப்பித்த மனிதன் என்பதால் "முஸ்லிம்கள் உலகுக்கு வழங்கிய கொடைகள்" என்று தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள். அல்ஜிப்ரா, வானியல், வைத்தியம் என்று வழமையான பட்டியலைச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் திரையில் ஒரு படத்தைக் காட்டினேன். வெள்ளைப் பீங்கானில் நீலச் சித்திரம். "சீனாட அடையாளம் எண்டு உலகமே நினைக்கிற இந்த நீலம் இருக்கே, அது நாங்க குடுத்தது பிள்ளைகள்" என்றேன். நல்ல கைதட்டல்.

கேள்வி நேரத்தில் தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி எழும்பினாள். "சேர், நீலத்த நாங்க குடுத்தம் எண்டா, அந்த வெள்ளைய எங்களுக்குப் படிப்பிச்சது யாரு சேர்?"

"நல்ல கேள்வி மகள், நேரம் போயிட்டு, பிறகு பாப்பம்" என்று சொல்லி இருந்துவிட்டேன். நேரம் போகவில்லை. எனக்குப் பதில் தெரியாது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நீலத்தைப் பற்றி நான் சொன்னதும் எங்கோ வாசித்த அரைவாசிச் செய்திதான். அன்றிலிருந்து நான் தேடித் தேடி வாசித்ததை இங்கே எழுதுகிறேன். பிந்திய பதில்.

வெள்ளை, சீனருடையது. அதில் சந்தேகமில்லை. வட சீனாவில் ஷிங் போன்ற சூளைகளில் 6ஆம், 7ஆம் நூற்றாண்டுகளில் இருந்து வெள்ளைப் பாண்டங்கள் செய்யும் கலை வளர்ந்து, தாங் அரச காலத்தில் அது உச்சத்துக்கு வந்தது. அதற்கு இரண்டு விடயங்கள் வேண்டும். ஒன்று, வெண்களி. எங்கள் போரலஸ்கமுவவில் தோண்டுகிறார்களே, அந்த இனத்து மண். மற்றது, 1,300 பாகை செல்சியஸ் வரைக்கும் சூட்டைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய சூளை. இரண்டும் சேர்ந்தால் மண் கல்லாகிறது. தட்டினால் மணி மாதிரிச் சத்தம் கேட்கும். மெல்லியதாகச் செய்தால் வெளிச்சம் ஊடுருவும்.

இந்தப் பொருள் அப்பாஸியர்களின் கண்ணில் பட்டபோது அவர்கள் திகைத்துப் போனார்கள். குராசானின் ஆளுநர் அலீ இப்னு ஈஸா, கலீபா ஹாரூன் அர்ரஷீதுக்கு 20 சீன அரச பீங்கான்களை அனுப்பினார் என்றும், அப்படியானவற்றைக் கலீபாவின் அவை அதற்கு முன்பு கண்டதில்லை என்றும், அவற்றோடு வேறு 2,000 பாண்டங்களும் போயின என்றும் 11ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பைஹகீ எழுதுகிறார். ஹிஜ்ரி 237இல், அதாவது கி.பி. 851இல், எழுதப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்ற நூலும், கண்ணாடி போன்று மெல்லியதாகவும் உள்ளே உள்ள தண்ணீர் வெளியே தெரியக்கூடியதாகவும் இருந்த களிமண் கிண்ணங்களைப் பற்றி வியந்து சொல்கிறது. ஸரந்தீப் பற்றியும் பேசுகிற நூல் அது.

பஸ்ராவின் குயவர்களுக்கு அந்த வெண்களி கிடையாது. அவர்களிடம் இருந்தது திஜ்லா, புறாத் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மஞ்சள் வண்டல். அவர்களின் சூளை ஏறக்குறைய 1,000 பாகைக்கு மேல் போகாது. போனால் அந்த மண் உருகிவிடும். ஆனால் சந்தை கேட்டது வெள்ளையை.

அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். மண்ணை வெள்ளையாக்க முடியாது, மேற்பூச்சை வெள்ளையாக்கலாம். பாண்டத்தின் மீது பூசுகிற கண்ணாடிப் பூச்சிலே வெள்ளீயத்தின் ஒக்சைட்டைக் கலந்தார்கள். அந்தத் துகள்கள் கண்ணாடிக்குள்ளே கரையாமல் நின்று வெளிச்சத்தைச் சிதறடிக்கும். பூச்சு பால்மாதிரி வெள்ளையாகி, கீழே உள்ள மஞ்சள் மண்ணை மறைத்துவிடும். செப்புப் பாத்திரத்துக்கு உள்ளே 'கலாய்' பூசுவது என்று எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல் வெள்ளீயத்தைக் குறிக்கும் 'கலஈ' என்ற அரபுச் சொல்லின் வழியாக வந்தது. கிழக்கே கலாஹ் என்ற துறையிலிருந்து வந்த வெள்ளீயத்துக்கு அரபிகள் வைத்த பெயர் அது.

அந்தக் கிண்ணங்களின் வடிவம் கூடச் சீனக் கிண்ணத்தின் வடிவமே. விளிம்பை உருட்டிவிட்ட விதம், அடியில் உள்ள அகலமான தட்டை வளையம், எல்லாம் அப்படியே. சமர்ராவில் ஹெர்ட்ஸ்பெல்ட்டும் ஸாரேயும் 1911 முதல் 1913 வரை தோண்டியபோது, சீனத்து அசலும் அரபு நாட்டு நகலும் ஒரே இடிபாட்டுக்குள்ளே கிடந்தன. நகல் என்று சொல்ல எங்களில் சிலருக்கு வாய் கூசும். எனக்குக் கூசவில்லை. நகல் எடுக்கப் போனவன் நகலோடு நின்றானா என்பதுதான் பார்க்க வேண்டியது.

அவர்கள் நிற்கவில்லை. சீனக் கிண்ணத்தின் அழகு அதன் வெறுமைதான். வெள்ளை, அதற்கு மேலே ஒன்றுமில்லை. பஸ்ராக்காரனுக்கு அது போதவில்லைபோல. கோபால்ட்டை எடுத்து வெள்ளைப் பூச்சின் மீது எழுதினான். ஒரு ஈச்சம் ஓலை, ஒரு பூ, சிலவேளை செய்தவனின் பெயர், சிலவேளை 'பரகத்' வேண்டும் ஒரு வரி. ஈரமான பூச்சில் நீலம் கொஞ்சம் பரவி, பனியில் மை கசிந்த மாதிரி நிற்கும். அடுத்து, வெள்ளியும் செம்பும் சேர்ந்த கலவையைச் சுட்ட பாண்டத்தின் மீது தீட்டி, புகை நிறைந்த சூளையில் மறுபடியும் சுட்டு, பொன்போல மினுங்கும் பாண்டங்களைச் செய்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலின் மிஹ்ராபைச் சுற்றி அந்தப் பொன்மினுக்க ஓடுகள்தான் பதிக்கப்பட்டன. இன்றும் இருக்கின்றன.

அப்போ என் மீலாத் பேச்சு சரிதானே, நீலத்தை நாம்தானே கொடுத்தோம் என்று நினைக்கலாம். நானும் நினைத்தேன். சரியில்லை. தாங் காலத்துக் கல்லறைகளில் வைத்த குதிரை, ஒட்டகப் பொம்மைகளிலே கோபால்ட் நீலம் அதற்கு முன்பே உண்டு. நிறக்கல் மேற்கே இருந்து போயிருக்கலாம், ஆனால் அதைக் கையாளச் சீனருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஹெனான் மாகாணத்துக் கோங்ஷியன் சூளைகளில் வெள்ளைப் பாண்டத்தில் நீலத்தால் வரைந்தும் பார்த்தார்கள். வரைந்த கோலம் மேற்காசியச் சந்தைக்குப் பிடித்த ஓலையும் சாய்சதுரமும். அதன்பிறகு அவர்களே அதைக் கைவிட்டார்கள். ஏறக்குறைய 500 வருடங்களுக்குப் பிறகு, 14ஆம் நூற்றாண்டில், ஜிங்தெஜென்னில்தான் நாமெல்லாம் அறிந்த நீலப் பீங்கான் பெருவாரியாக வருகிறது. இப்படிப் போய்வந்த ஒன்றை "கொடுத்தோம்" என்ற ஒரு சொல்லுக்குள் அடக்க ஏலாது.

751இல் நடந்த தலாஸ் போரில் பிடிபட்ட சீனக் கைதிகள்தான் அரபிகளுக்குப் பீங்கான் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அப்படிப் பிடிபட்டு, 762இல் கடல்வழியாக ஊர் திரும்பிய டு ஹுவான் என்பவர் கூபாவில் தான் கண்ட சீனக் கைவினைஞரைக் குறித்துவைத்திருக்கிறார். நெசவாளர் இருக்கிறார்கள், ஓவியர் இருக்கிறார்கள். குயவர் இல்லை. பஸ்ராக் குயவனின் ஆசான் துறைமுகத்தில் இறங்கிய கிண்ணமே, மனிதர் அல்ல.

அந்தக் கிண்ணங்கள் எப்படிப் போயின என்பதை 1998இல் கண்டோம். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கருகே கடலட்டை பிடிக்கச் சுழியோடியவர்கள் கடலடியில் ஒரு மேட்டைக் கண்டார்கள். அது ஒரு கப்பல். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த, அரபிக்கடல் பாணிக் கப்பல். உள்ளே சுமார் 60,000 பாண்டங்கள். ஒரு கிண்ணத்தின் வெளிப்புறத்தில் கீறியிருந்த சீன ஆண்டுக் கணக்கு 826ஆம் ஆண்டைக் காட்டுகிறது.

சிங்கப்பூரில் ஆசிய நாகரிகங்கள் நூதனசாலையில் அந்தச் சரக்கை ஒருமுறை பார்க்கக் கிடைத்தது. தங்கக் கோப்பையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். நான் போய் நின்றது கிண்ணங்களுக்கு முன்னால். பெரும்பகுதி ஹுனான் மாகாணத்துச் சாங்ஷா சூளைகளில் செய்தவை, மலிவான சரக்கு. மண்ணிறத்திலும் பச்சையிலும் வேகமாக இழுத்த தூரிகைக் கோடுகள்: பறவை, மீன், முகில், தாமரை. பெரிய சாடிகளுக்குள்ளே சுருள் சுருளாக, ஒரு சாடியில் நூறுக்கு மேல், அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். சில கிண்ணங்களின் நடுவில் அரபு எழுத்துப் போல ஏதோ கிறுக்கியிருக்கிறது. நான் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று வாசிக்கப் பார்த்தேன். வாசிக்க ஒன்றுமில்லை. எழுத்தறியாத எழுத்து. ஹுனானில் ஏதோ ஒரு சூளையில், அரபு அறியாத ஒருவன், வாங்குபவருக்கு இந்த வடிவம் பிடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வரைந்திருக்கிறான். அதே கப்பலில் கோங்ஷியன் நீலத் தட்டுகளும் இருந்தன. அறுபதாயிரத்துக்குள்ளே மூன்றே மூன்று.

இந்தச் சரக்கை மீட்டது ஒரு வணிக நிறுவனம். சிங்கப்பூர் அதை 2005இல் 3 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. தொல்லியல் முறைப்படி அகழாமல் வணிகத்துக்காக அள்ளிய பொருளைக் காட்சிப்படுத்தக் கூடாதென்று 2011இல் ஆய்வாளர்கள் எதிர்ப்புக் காட்டியதால் அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் நிறுவனம் தான் திட்டமிட்ட கண்காட்சியை நிறுத்தியது. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் போய்ப் பார்த்தேன், பார்த்ததற்கு வருந்தவுமில்லை. அந்தக் கப்பலைப் போலவே ஓமானில் தைத்துக் கட்டிய 'ஜுவல் ஒஃப் மஸ்கட்' 2010இல் சிங்கப்பூர் போகும் வழியில் எங்கள் காலித் துறைமுகத்திலும் தரித்துப் போனது.

எமது மேடைகளில் இந்தக் கடல்வழியைச் சொல்லும்போது தேன் வடியும். வியாபாரம், சகோதரத்துவம், சமாதானம். காண்டனில் முஸ்லிம்களுக்கு ஒரு காழி இருந்தார் என்பது உண்மை. 758இல் அரபிகளும் பாரசீகரும் அதே காண்டனைச் சூறையாடிக் களஞ்சியங்களுக்குத் தீவைத்துவிட்டுக் கப்பலேறிப் போனார்கள் என்பதும் சீன வரலாற்றுப் பதிவில் உண்டு. 760இல் யாங்ஜோவில் வெளிநாட்டு வணிகர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஹுவாங் சாவோவின் கிளர்ச்சிப் படை காண்டனைப் பிடித்தபோது, 879 அளவில், முஸ்லிம்கள், யூதர்கள், கிறிஸ்தவர்கள், மஜூஸிகள் என்று 120,000 பேர் மாண்டதாக அபூ ஸைத் எழுதுகிறார். எண்ணிக்கை கூடக்குறைய இருக்கலாம். பட்டுப்புழுவுக்கு இலை தரும் முசுக்கொட்டை மரங்களையும் வெட்டினார்கள் என்கிறார். கடல் வியாபாரம் படுத்துவிட்டது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். சீனத் தொடர்பு என்றால் இங்கே எல்லோரும் 1409இல் செங் ஹோ வைத்த காலி மும்மொழிக் கல்வெட்டைத்தான் சொல்வார்கள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்லும் கல். அருமையான கல்தான். ஆனால் அதற்கு அறுநூறு வருடம் முந்திய சாட்சி எங்கள் மன்னாரிலே மண்ணுக்குள்ளே கிடக்கிறது.

நான் எருக்கலம்பிட்டிக்காரன். தீவைவிட்டுப் பெருநிலத்துக்குக் கடந்தால் திருக்கேதீச்சரம், அதைச் சூழ்ந்து குதிரை இலாட வடிவில் அகழிகளோடு மாந்தை மேடு. ஜோன் கார்ஸ்வெல்லின் குழு 1980 முதல் 1984 வரை அங்கே தோண்டியது. நான் அப்போது இளம் ஆசிரியன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை போனேன். பாரசீகக் குடாவில் இருந்து வந்த நீலப்பச்சைச் சாடித் துண்டுகள், மேற்காசிய வெள்ளைப்பூச்சு ஓடுகள், சீனத்துப் பச்சை ஓடுகள், சாங்ஷா கிண்ணத் துண்டுகள் எல்லாம் தட்டுத் தட்டாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. ஓடு கழுவிக்கொண்டிருந்த ஒரு வயதான தொழிலாளி சிரித்தார். "மேற்பக்கத்தப் பாத்தா ஏமாந்திடுவிங்க மாஸ்டர். உடைஞ்ச பக்கத்தப் பாருங்க." இரண்டு வெள்ளைத் துண்டை எடுத்துக் கையில் வைத்தார். ஒன்று உள்ளேயும் வெள்ளை. மற்றது வெளியே வெள்ளை, உள்ளே மஞ்சள். சீனமும் பஸ்ராவும் ஒரே உள்ளங்கையில். அவர் சொல்லித் தந்ததைத்தான் முப்பது வருடம் கழித்துப் புத்தகங்களில் வாசித்தேன். 1984உடன் யுத்தம் அந்த அகழ்வை நிறுத்தியது.

கதை மாந்தையோடு நின்றால் எனக்கு எழுதுவது சுகமாக இருந்திருக்கும். ஆனால் அந்த வெள்ளைப் பூச்சு மேற்கேயும் போனது. அந்துலூஸில் 10ஆம் நூற்றாண்டில் மதீனத்துஸ் ஸஹ்ராவின் பாண்டங்களில் அதைக் காண்கிறோம். மாலகாவின் பொன்மினுக்கப் பாண்டங்கள் தூர தேசங்களுக்குப் போவதை இப்னு பதூதா குறிப்பிடுகிறார். வலன்சியாவுக்குப் பக்கத்து மனிஸெஸ் ஊரில், கிறிஸ்தவப் பிரபுக்களின் கீழே, முஸ்லிம் குயவர்கள் அந்தத் தொழிலைச் செய்தார்கள். ஸ்பானியர் சுவரோட்டைச் சொல்லும் 'அஸுலெஹோ' என்ற சொல் நீலத்திலிருந்து வந்ததல்ல, 'அஸ்ஸுலைஜ்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 1492இல் கிரனாடா வீழ்ந்தது. கொஞ்சக் காலத்தில் மதம் மாறு அல்லது போ என்றார்கள். மாறியவர்களையும் 1609 முதல் 1614 வரை, ஏறக்குறைய 3 இலட்சம் பேரை, கப்பலேற்றினார்கள். மொரிஸ்கோக்கள் என்று அவர்களுக்குப் பெயர். குயவர்கள் போனார்கள், தொழில் அங்கேயே நின்றது. அதற்கு முன்பே தலவெரா போன்ற ஊர்களின் கிறிஸ்தவக் குயவர்களும் அதைக் கற்றிருந்தார்கள். அவர்கள் வழியாக அது அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து மெக்சிக்கோவுக்குப் போனது.

மெக்சிக்கோவுக்கு நான் போனதில்லை. படங்களும் புத்தகங்களும்தான். அங்கே சொலூலா என்று ஓர் ஊர். ஸ்பானியர் வருமுன்பே அது பெரிய யாத்திரைத் தலம். கன அளவில் உலகிலேயே பெரிய பிரமிட்டு அங்கேதான், அடி ஒரு பக்கம் சுமார் 400 மீற்றர். இன்று புல்மூடி மலைபோலக் கிடக்கிறது, உச்சியில் ஒரு தேவாலயம். அந்த ஊர்க் குயவர்கள் சக்கரமும் கண்ணாடிப் பூச்சும் இல்லாமலே, கையால் வனைந்து, நிறக்களி தீட்டி, தேய்த்துத் தேய்த்து மினுக்கிய பல்வண்ணப் பாண்டங்கள் மிகப் புகழ்பெற்றவை. மொக்தெசுமா மன்னனுக்குச் சொலூலாப் பாண்டத்தில்தான் சாப்பாடு பரிமாறினார்கள் என்று படையெடுப்பில் கூட வந்த பெர்னால் தியாஸ் எழுதிவைத்திருக்கிறார்.

1519இல் கோர்தெஸ் அந்த ஊருக்குள் நுழைந்தான். ஸ்பானிய மன்னனுக்கு அவன் எழுதிய கடிதத்தில், சொலூலாவில் நானூறுக்கு மேற்பட்ட கோபுரங்களை எண்ணியதாகவும் அவையெல்லாம் பள்ளிவாசல்களின் கோபுரங்கள் என்றும் சொல்கிறான். ஆம், 'மெஸ்கிதா' என்றே எழுதுகிறான். இதை முதன்முதல் வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அந்த மக்கள் இஸ்லாத்தின் பெயரைக்கூடக் கேட்டவர்கள் அல்லர். கிரனாடா விழுந்து 27 வருடம்தான். அந்தச் சிப்பாயின் தலைக்குள்ளே, இடிக்க வேண்டிய கட்டடத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அந்த ஊரில் அவன் ஆட்கள் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள்.

பின்பு அதே ஊரில் பூர்வீக மக்களுக்கென்று ஒரு தொழுகைக் கூடம் கட்டினார்கள். வரிசை வரிசையாகத் தூண்கள், மேலே 49 குவிமாடங்கள். கொர்தோவாப் பள்ளிவாசலோடு அதை ஒப்பிடுவார்கள். படத்தைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித் தோன்றும். தயவுசெய்து யாரும் "மெக்சிக்கோவில் பழைய மஸ்ஜித்" என்று முகநூலில் போட்டுவிட வேண்டாம். அது கிறிஸ்தவத் தேவாலயமாகவே கட்டப்பட்டது.

சொலூலாவுக்கு அயலிலேயே 1531இல் ஸ்பானியர் புவெப்லா நகரத்தை உண்டாக்கினார்கள். தலவெராவின் வெள்ளீயப் பூச்சுத் தொழில் அங்கே வேரூன்றியது. பிறகு மணிலாவிலிருந்து அகபுல்கோவுக்குப் பசிபிக் சமுத்திரத்தின் வழியே ஸ்பானியக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. அவற்றில் வந்தது சீனத்து நீலப் பீங்கான். அது கோவேறு கழுதை முதுகில் புவெப்லா வழியாக வெராகுருஸ் துறைக்குப் போனது. புவெப்லாக் குயவர்களின் கண்ணிலும் பட்டது. 17ஆம் நூற்றாண்டுக் குயவர் சங்க விதிகளில், உயர்ந்த ரகப் பாண்டத்துக்குச் சீனப் பாண்டத்தைப் போல நீலம் தீட்ட வேண்டும் என்றே விதித்தார்கள். யோசித்துப் பாருங்கள். சீன வெள்ளையைப் பார்த்துப் பஸ்ராவில் பிறந்த பூச்சு மேற்குப் பக்கத்தால் வருகிறது. பஸ்ராவின் கண்ணுக்கு ஏற்ற நீலத்தை அணிந்த சீனப் பீங்கான் கிழக்குப் பக்கத்தால் வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் சொலூலாவின் காலடி. அக்கதெபெக் என்ற அயல் கிராமத்துத் தேவாலயத்தின் முகப்பு முழுவதும் அந்த ஓடுகள்தான். ஒரு சாண் வெறுஞ்சுவர் தெரியாது.

அந்த ஓட்டைச் செய்தது யார் கை? சங்க விதிகள் கறுப்பினத்தவரையும் கலப்பினத்தவரையும் தலைமைக் குயவருக்கான தேர்வில் சேர்க்கக் கூடாதென்றன. பட்டறைகளில் மண் மிதித்ததும் விறகு போட்டதும் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இன்று யுனெஸ்கோ 2019இல் பட்டியலிட்ட தலவெராக் கலை ஸ்பெயினுக்கும் மெக்சிக்கோவுக்கும் உரிய மரபுரிமை. இருக்கட்டும்.

இவ்வளவும் வாசித்துவிட்டு ஒருநாள் மேசை லாச்சியைத் திறந்து ஒரு துண்டை எடுத்தேன்.

எங்கள் உம்மும்மாவிடம் ஒரு நீலப் பீங்கான் தட்டு இருந்தது. நோன்புப் பெருநாளைக்கு மட்டும் வெளியே வரும். "சீனத்துப் பீங்கான் மகன், மெதுவாப் புடிங்க" என்பார். பீங்கான் என்ற சொல்லே கிண்ணத்தைக் குறிக்கும் 'பிங்கான்' என்ற பாரசீகச் சொல்தான். சிங்களத்திலும் தட்டுக்கு 'பிங்கான' என்கிறார்கள். 1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டபோது உடுத்த உடுப்பும் ஆளுக்கொரு பையும். வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம். உம்மா கரையில் இருந்துகொண்டு கேட்டது வீட்டைப் பற்றி அல்ல. "பீங்கான யாரும் எடுத்தீங்களா?" யாரும் எடுக்கவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு, 2010இல், வீட்டைப் பார்க்கப் போனோம். நாலு சுவர், கூரை இல்லை, உள்ளே ஒரு வேம்பு. கிணற்றடியைத் துப்புரவாக்கிய இடத்தில் கால் பெருவிரலில் ஏதோ குத்தியது. உள்ளங்கை அகலத்தில் நீலத் துண்டு. திருப்பினேன். பின்னால் ஒரு முத்திரை, மனிதத் தலை வைத்த சிங்கம், ஐரோப்பிய எழுத்து. அது ஒல்லாந்தின் மாஸ்திரிக்ட் நகரத்தில் பெத்ருஸ் ரெகூத்தின் தொழிற்சாலை கீழைத்தேசங்களுக்குச் செய்து அனுப்பிய சாமான் என்பது எனக்குப் பின்புதான் தெரிந்தது. சீனத்தையும் அல்ல, சீனத்தைப் பார்த்துச் செய்த ஐரோப்பாவைத்தான் மூன்று தலைமுறை பெருநாள் கொண்டாடியிருக்கிறது. உம்மா அதற்குள் மௌத்தாகிவிட்டார். இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த நாட்களில் காணி விடயமாக ஒரு அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருந்தேன். உறுதி இல்லை, அதுவும் வீட்டோடு போயிற்று. "எப்ப இருந்து அங்க இருந்தீங்க?" என்று எழுதுவினைஞர் கேட்டார். வெயில், நாலாவது தடவை அலைச்சல். "ஆயிரத்தி இருநூறு வருசமா" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற எங்கள் ஊர் மூத்தவர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெளியே வந்ததும், "தம்பி, அந்தப் புள்ள கேட்டது ஆமினாட வளவுல எப்ப இருந்து எண்டு. நீங்க என்ன, அரபிக் கப்பல்லயா வந்து எறங்கினீங்க?" என்றார்.

அவர் சிரித்தார், நான் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. அடுத்த சில வருடங்கள் அதையே எழுதினேன், பேசினேன். மாந்தையின் ஓடுகளை எங்கள் உறுதியாகக் காட்டினேன். அந்த மீலாத் பேச்சும் அதன் ஒரு பகுதிதான். அது பிழை என்று இன்று நினைக்கிறேன். ஒரு பஸ்ரா ஓடு சொல்வது, பஸ்ராவின் ஒரு சாடி அங்கே உடைந்தது என்பதை. அதைச் சுமந்தவன் அரபியா, பாரசீகக் கிறிஸ்தவனா, தமிழனா, சிங்களவனா என்று ஓடு சொல்லாது. மாந்தையில் எங்கள் மூதாதையர் இருந்திருக்கலாம், மற்றவர்களின் மூதாதையரும் இருந்தார்கள். அதைவிட மோசமானது வேறொன்று. என் வளவுக்கு நான் திரும்புவதற்கு ஆயிரத்து இருநூறு வருடம் சாட்சி வேண்டுமென்று நானே ஒப்புக்கொண்டால், நாற்பது வருடம் முன்பு வந்து குடியேறிய என் அயலவனுக்கு என்ன சொல்வேன்? மொரிஸ்கோக்கள் ஸ்பெயினில் தொளாயிரம் வருடம் இருந்தார்கள். கப்பலேற்றியவன் வருடக் கணக்கைக் கேட்கவில்லை.

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையைத் தேடினேன். கலியாணம் முடித்து மன்னார்ப் பக்கம் போய், தானும் வரலாறுதான் படிப்பிக்கிறாளாம். போன கிழமை தொலைபேசியில் பேசினேன். அவளுக்கு மீலாத் விழா நினைவிருக்கிறது, கேள்வி நினைவில்லை. "நான் அப்பிடியா சேர் கேட்டன்?" என்று சிரித்தாள். மாந்தையில் எடுத்த ஓடுகளில் ஒன்றையேனும் தன் மாணவர்கள் கண்ணால் கண்டதில்லை என்றாள். தொல்லியல் சட்டப்படி மேட்டிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுத்துவர முடியாது, எடுக்கவும் கூடாது. அதனால் லாச்சியில் உள்ள மாஸ்திரிக்ட் துண்டையும், பெட்டாவில் வாங்கிய ஒரு புதுச் சீனத் தட்டை உடைத்த துண்டையும், வெள்ளைப் பூச்சுப் பூசிய ஒரு செம்மண் ஓட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த தவணையில் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். உடைந்த பக்கத்தை எப்படிப் பார்ப்பதென்று பிள்ளைகளுக்குக் காட்ட மூன்றும் போதும்.